இறகு உதிர்த்த சேவல்

வேலுச்சாமி ஆறு வருடங்களில் நானூற்றுப் பன்னிரண்டு கார்ட்டூன்களைப் பார்த்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்கு உத்தரவும் இல்லை.

துபாயில், அல் கூஸ் பகுதியில், டயர் குடோனுக்கும் மார்பிள் அறுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கம்பெனி. ஜப்பான்காரர்களின் கார்ட்டூன்களை வாங்கி, அரபியில் பேச வைத்து, டிவிக்காரர்களுக்குக் கொடுப்பது அதன் தொழில். முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் டேப் குடோன். அரவக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த வேலுச்சாமியின் லேபர் கார்டில் ஹெல்ப்பர் என்று போட்டிருந்தது. டேப்புகளைத் துடைப்பான், அடுக்குவான். பூசணம் பிடித்திருக்கிறதா, படம் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை ஒவ்வொரு டேப்பையும் டெக்கில் போட்டுப் பார்ப்பான். பார்த்ததும் ரீவைண்ட் செய்து பெட்டியில் மூடி வைப்பான்.

"ஒரு நிமிஷம் போதும், கேட்டியா? படம் வந்தா ஓகே. கார்ட்டூன் பாத்து ரசிக்கான் வேண்டியல்ல உன்ன இங்க கொண்டுவந்தது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் மேனேஜர் சேதுமாதவன். பாலக்காட்டுக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே குடும்பமாக வாழ்ந்தன.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன வரும்? முதலில் வண்ணப் பட்டைகள், கூடவே காதைத் துளைக்கும் ஒரு கூவல். பிறகு ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள். அதன் பிறகு படம் எடுத்த ஸ்டூடியோவின் சின்னம். சின்னம் மறைந்து, எழுத்துகள் வரத் தொடங்கும்போது வேலுச்சாமியின் விரல் நிறுத்தும் பொத்தானில் இருக்கும்.

அந்த ஸ்டூடியோவின் பெயர் கசாமி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுவதற்காகக் கூரை உச்சியில் நட்டு வைக்கும் இரும்புச் சேவல்தான் அதன் சின்னம். சேவல் என்றால் வேலுச்சாமிக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் ஊர்ப் பக்கம் சேவற்கட்டு என்றால் கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சேவலை நிறம் பார்த்து, கொண்டை பார்த்து, வால் பார்த்து எடை போடுவது அவனுக்குப் பல் தேய்க்கிற மாதிரி. கருநிறம், செந்நிறம் என்றெல்லாம் குழப்பாமல், கருப்பு என்றால் காகம், சிவப்பு என்றால் செவலை, பழுப்பும் சாம்பலும் கலந்தால் கீரி என்று பெயர் வைத்துவிடுவார்கள். வேலுச்சாமியும் கசாமியின் சேவல்களுக்கு அப்படியே பெயர் வைத்துக்கொண்டான். எழுபத்தேழாம் வருஷத்து டேப்பில் காகம் அசையாமல் நிற்கும். எழுபத்தொன்பதில் அதே காகம் பாதி திரும்பும், பின்னால் சிவப்புச் சூரியன். எண்பத்தொன்றில் செவலை, ஒரு முழுச் சுற்று சுற்றிக் கூவும். அப்படியே தொண்ணூற்றாறு வரைக்கும் போனால், கம்ப்யூட்டரில் செய்த ஒரு சேவல் எவர்சில்வர் பாத்திரம் மாதிரிப் பளபளவென்று வந்து நிற்கும். அதைக் கண்டால் வேலுச்சாமிக்கு ஆகாது. அதை எந்தக் கோழியும் திரும்பிப் பார்க்காது என்பது அவன் தீர்ப்பு.

இதையெல்லாம் அவன் யாரிடமும் சொன்னதில்லை. யார் கேட்டார்கள்?

ஆபீஸில் அவனோடு தமிழில் பேசுகிற இன்னொரு ஆள் குமுதினி. யாழ்ப்பாணத்துக்காரி, எடிட்டர். அரபிக் குரல்களைப் படத்தோடு சேர்ப்பது அவள் வேலை. அவளுக்கு அத்தனை கதைகளும் மனப்பாடம். ஆனால் சேவலைத் தெரியாது. டிவிக்குப் போகும் படத்தில் ஸ்டூடியோவின் சின்னத்தை ஓட்டிப் பார்க்காமலே வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கம்பெனியின் பாய்மரக் கப்பல் சின்னத்தை ஒட்டுவதுதான் அவள் காலையில் வந்ததும் செய்கிற முதல் காரியம். அவன் நிறுத்துகிற இடத்தில் அவள் தொடங்குவாள். ஒரே டேப்பில் இரண்டு பேரும் ஆறு வருடம் வேலை பார்த்தார்கள், ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆகஸ்ட் மாதம். கசாமி ஸ்டூடியோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்களுடைய பழைய கிடங்கு எப்போதோ தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது. ஒரே படத்தை அவர்கள் பல வருடங்களில் பல முறை புதுப்பித்து, சின்னத்தை மட்டும் மாற்றி, உலகமெங்கும் அனுப்பியிருந்தார்கள். குவைத்தில், ஃபஹாஹீலில் மூடப்பட்ட ஒரு பழைய கம்பெனியின் சரக்கை அல் கூஸ் கம்பெனி மொத்தமாக வாங்கியிருந்ததால், அந்தப் பிரதிகள் எல்லாம் இங்கேதான் இருந்தன. எங்கள் ஆள் ஒருவர் செவ்வாய்க்கிழமை வருகிறார், ஒரே ஒரு நாள்தான் இருப்பார், எந்த வருஷத்துப் பிரதி எது என்று பிரித்து வையுங்கள், மிகப் பழையவற்றை எடுத்துச்செல்கிறோம், உங்கள் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கிறோம் என்று கடிதம் சொன்னது. முதலாளி, அறுபது வயது எமிராத்தி, எல்லோருக்கும் அர்பாப், கடிதத்தைப் படித்துவிட்டுச் சேதுமாதவனைப் பார்த்தார். "மாஃபி முஷ்கில், அர்பாப். எல்லாத்துலயும் ஸ்டிக்கர் உண்டு" என்றார் சேதுமாதவன், ஒரு பிரச்சினையும் இல்லை என்று கையை விரித்து.

ஸ்டிக்கர் உண்டுதான். டேப்புகளில் முதலில் ஜப்பான்காரர்கள் ஒட்டிய லேபிள்தான் இருந்தது. யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து எதற்கு என்று அதையெல்லாம் சுரண்டி எடுக்கச் செய்து, அதிலிருந்த எண்ணும் வருஷமும் மட்டும் போட்ட கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டச் செய்தவர் சேதுமாதவன். தேரா பஜாரில் ரோல் ரோலாகக் கிடைக்கிற ஸ்டிக்கர்.

வியாழக்கிழமை மதியம் ஆபீஸ் மூடியது. சனிக்கிழமை காலை வேலுச்சாமி குடோன் கதவைத் திறந்தபோது அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. ஏசி ஓடவில்லை. சுவிட்சைப் பார்த்தான். அணைத்திருந்தது. லைட்டைப் போட்டான். தரையெல்லாம் ஸ்டிக்கர்கள். ஏறக்குறைய இரண்டு நாள் ஆகஸ்ட் வெக்கையில் பசை உருகி, நானூற்றுப் பன்னிரண்டு ஸ்டிக்கர்களில் முக்கால்வாசி உதிர்ந்து, பொரித்த அப்பளம் போல் சுருண்டு கிடந்தன. மிச்சம் இருந்தவற்றிலும் ஏழெட்டைத் தவிர எல்லாம் அவன் கதவைத் திறந்த காற்றுக்கு ஒவ்வொன்றாய் விழுந்தன.

சேதுமாதவன் வந்தார், பார்த்தார். கத்தத் தொடங்கினார்.

"எடா, ஏசி ஆரு ஆஃப் ஆக்கினது?"

"தெரியலீங்க சார். வியாழக்கெழம நான் போறப்ப ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு. எனக்கப்பறம் நீங்கதானுங்க பூட்டுனீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்கக் கூடாது. சேதுமாதவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் கை தானாகச் சுவரைத் தடவி எல்லா சுவிட்சையும் அணைத்துவிடும். உள்ளே ஆள் இருந்தாலும் அணைக்கும். பாத்ரூமில் இருட்டில் உட்கார்ந்திருந்த அனுபவம் ஆபீஸில் எல்லோருக்கும் உண்டு. அவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் சத்தமாகக் கத்தினார். பத்து நிமிடத்தில் அர்பாப்பிடம் போய், ஹெல்ப்பர் ஏசியை அணைத்துவிட்டுப் போய்விட்டான் என்று பழியைக் கொண்டுபோய் இவன் தலையில் கட்டிவிட்டார்.

தீர்ப்பு மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. விசா கேன்சல். செவ்வாய்க்கிழமை ஜப்பான்காரர் வந்துபோகும்வரை தூக்கிப் போட ஆள் வேண்டும் என்பதால் அதுவரை இருக்கலாம். புதன்கிழமை விமானம். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒன்றாக ரப்பர் பேண்ட் போட்டு சேதுமாதவன் டிராயரில் வைத்துக்கொண்டார்.

வேலுச்சாமிக்கு விமானம் ஏறுவது அல்ல பெரிய விஷயம். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் ஜோதிமணி. அவளுடைய அண்ணன் பன்னீர்செல்வம் இதே நாட்டில், ருவைஸில், எண்ணெய் ரிஃபைனரியில் வேலை பார்க்கிறான். கவனக்குறைவுக்காகத் துரத்திவிட்டார்கள் என்ற செய்தி அல் கூஸிலிருந்து ருவைஸுக்குப் போக ஒரு போன் போதும். ருவைஸிலிருந்து ஊருக்குப் போக அதுவும் வேண்டாம், காற்றே போதும். துரத்தப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதிலும் செய்யாத தப்புக்கு.

ஆபீஸ் மொத்தமும் உதிர்ந்த ஸ்டிக்கர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு விழித்தது. எந்த ஸ்டிக்கர் எந்த டேப்புக்கு? குமுதினி பத்து டேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். "கதை என்னண்டு சொல்லுவன். பன்னிரண்டாம் கதை இது. ஆனால் பன்னிரண்டாம் கதையிலையே நாலு டேப் கிடக்கு. எது எந்த வருசமெண்டு ஆர் சொல்லுறது?"

வேலுச்சாமி கதவோரம் நின்றுகொண்டிருந்தான். சொல்வதா வேண்டாமா என்று நாக்கு ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாக இழுத்தது. இனிமேல் இழக்க என்ன இருக்கிறது?

"அக்கா, அது எழுவத்தொம்பதுங்க."

"எது?"

"நீங்க கையில வெச்சிருக்கறது. காகம் பாதி திரும்புச்சுங்களே, அது எழுவத்தொம்பது. இதுக்கு முன்னால போட்டீங்களே, அது எண்பத்தொண்ணு. செவலை."

குமுதினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த ஏழெட்டு டேப்புகளில் ஒன்றை எடுத்தாள். ஸ்டிக்கரைக் கையால் மறைத்துக்கொண்டு டெக்கில் போட்டாள். சேவல் வந்தது. "எண்பத்தொம்பதுங்க" என்றான். ஸ்டிக்கரைப் பார்த்தாள். இன்னொன்று. "தொண்ணூத்தாறு, எவர்சில்வருங்க." மூன்றாவது, நான்காவது. எட்டும் சரி. குமுதினி மூக்கில் விரலை வைத்தாள்.

"கடவுளே! தம்பி, இதை நீர் ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"யாரும் கேக்கலீங்களே அக்கா."

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று பகல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலுச்சாமி டெக்கின் முன்னால் உட்கார்ந்தான். வண்ணப் பட்டை, எண்கள், சேவல், நிறுத்து, ரீவைண்ட். குமுதினி கதையின் எண்ணைச் சொல்ல, அவன் வருஷத்தைச் சொல்ல, புது ஸ்டிக்கர் ஏறியது. இந்தத் தடவை மேலே செலோடேப்பும். சேதுமாதவன் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அறையில் ஆள் இருப்பதை மறந்து லைட்டை அணைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குக் கடைசி டேப் முடிந்தது. மேசை மேல் ஏழு அடுக்குகள் நின்றன. அதில் நான்காவது மட்டும் குட்டி அடுக்கு. பதினொரு டேப்புகள்தான்.

அப்போதுதான் ஜப்பானிலிருந்து ஈமெயிலில் ஒரு தாள் வந்தது. கசாமி ஸ்டூடியோவின் சின்னங்களுடைய வரலாறு. சின்னங்கள் வரிசையாகப் படத்தோடு, வருஷத்தோடு அச்சாகியிருந்தன. சேதுமாதவன் அதை எடுத்துக்கொண்டு வந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"எடா, அவங்க கணக்குல ஆறு. உன் கணக்குல ஏழு. இது எந்தா?"

வேலுச்சாமி தாளைப் பார்த்தான். வருஷமும் வரிசையும் அவன் சொன்னபடியே இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. "எண்பத்திமூணு இதுல இல்லீங்க சார். இவங்க எண்பத்திநாலுல இருந்து கீரியப் போட்டிருக்காங்க. அதுக்கு முன்னால ஒரு கீரி இருக்குதுங்க. அது சுத்தி நின்னதும் வால்ல இருந்து ஒரு எறகு விழும். எண்பத்திநாலுல அது விழாதுங்க."

"ஒரு எறகு!" என்று சிரித்தார் சேதுமாதவன். "கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? அவன் சின்னம்டா அது. அந்தப் பதினொண்ணையும் அடுத்த அட்டியில சேரு. நாளைக்கு வாயத் திறக்கண்டா. ஆறுன்னா ஆறு. நீ ஒழுங்கா இருந்தா பேன் போடாம விடச் சொல்றேன்."

பேன் என்றால் தடை. அது விழுந்தால் இந்த நாட்டுக்குத் திரும்பி வர முடியாது. வேலுச்சாமி பதினொரு டேப்புகளையும் எண்பத்துநாலின் அடுக்கோடு சேர்த்தான். ஆனால் அந்தப் பதினொன்றை மட்டும் முதுகைத் திருப்பி வைத்தான். கீரியையும் கீரியையும் ஒன்றாக அடைக்க அவனுக்குக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஜப்பான்காரர் வந்தார். பெயர் நகதானி. ஒல்லியான மனிதர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அல் கூஸ் வெயிலில் காரிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் கைக்குட்டை நனைந்துவிட்டது. அர்பாப் பேரீச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் கொடுத்து உட்காரவைத்தார். எல்லோரும் படம் பார்க்கும் சின்ன அறைக்கு வந்தார்கள். டெக்கின் பக்கத்தில் வேலுச்சாமி நின்றான்.

நகதானி ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு டேப்பை எடுத்துக் கொடுத்தார். வேலுச்சாமி போட்டான். காகம் நின்றது. காகம் திரும்பியது. செவலை கூவியது. கீரி, வெள்ளை, எவர்சில்வர். ஒவ்வொன்றுக்கும் அவர் தாளில் ஒரு டிக் போட்டார். எல்லாம் சரி. அர்பாப்பின் முகம் மலர்ந்தது. சேதுமாதவன் தானே மூன்று பகல் உட்கார்ந்து பார்த்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கடைசி டிக்கைப் போட்டுவிட்டு நகதானி பேனாவை மூடவில்லை. ஆங்கிலத்தில், மெதுவாக, ஏதோ தப்பான கேள்வி கேட்பவர் போலக் கேட்டார். ஆறுதானா? வேறு எதுவும் இல்லையா?

"ஆறு சார். ஆறு மட்டும். கேரண்டி" என்றார் சேதுமாதவன்.

நகதானி தலையசைத்தார். தாளை நான்காக மடித்தார். அந்த முகம் வாடிய விதத்தை வேலுச்சாமி பார்த்தான். ஆங்கிலம் அவனுக்கு அரைகுறை. முகம் எந்த மொழியிலும் முகம்தானே. சனிக்கிழமை காலை ஏசி சுவிட்சைத் தான் அணைக்கவில்லை என்று சொல்லி, அதை யாரும் நம்பாதபோது, பாத்ரூம் கண்ணாடியில் பார்த்த முகமும் இதே மாதிரிதான் இருந்தது. தடையாவது விமானமாவது, வருவது வரட்டும்.

"ஏழுங்க" என்றான்.

"மிண்டாதிரி!" என்று பல்லைக் கடித்தார் சேதுமாதவன். வாயை மூடு என்று அர்த்தம்.

"ஏழு சேவலுங்க. அக்கா, அவருகிட்டச் சொல்லுங்க. எண்பத்திமூணுல ஒண்ணு இருக்குது."

குமுதினி ஆங்கிலத்தில் சொன்னாள். நகதானி மடித்த தாளை மறுபடியும் பிரித்தார். எப்படி இருக்கும் என்று கேட்டார். அதை மொழிபெயர்க்கக்கூட வேலுச்சாமி காத்திருக்கவில்லை. வலது கையைச் சேவலாக்கினான். முழங்கையை மேசையில் ஊன்றி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். நிறுத்தினான். பிறகு இடது கையின் விரல் ஒன்றை அதன் வாலிலிருந்து பிரித்து, அப்படியும் இப்படியும் ஆட்டி ஆட்டி, மேசையின் இடது மூலைவரை இறக்கினான்.

நகதானி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"ஹெல்ப்பர் சார், ஹெல்ப்பர்! இவனுக்கு ஒண்ணும் அறியாது" என்று சேதுமாதவன் எழுந்தார். "கலாஸ், கலாஸ். எல்லாம் முடிஞ்சு. லஞ்ச் ரெடி. வாங்க போகலாம்." சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். திறந்த கையோடு இன்னொரு கை சுவரைத் தடவியது. டக், டக், டக்.

அறை இருண்டது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இருட்டில் அர்பாப்பும், ஜப்பானிலிருந்து வந்த விருந்தாளியும், குமுதினியும், வேலுச்சாமியும் இருந்தார்கள்.

"யார் அணைத்தது?" என்று அரபியில் கேட்டது அர்பாப்பின் குரல்.

குமுதினி இந்த நாலு நாளும் அடக்கி வைத்திருந்ததை அடக்க முடியாமல் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னாள். "வியாழக்கிழமை குடோன் ஏசியை அணைத்த அதே கைதான், அர்பாப்." பிறகு தமிழில், தனக்குத்தானே சொல்வது போல், "கடைசியாப் பூட்டிக்கொண்டு போனதும் அவர்தானே" என்றாள்.

லைட் வந்தது. சேதுமாதவன் சுவிட்சில் கையை வைத்தபடியே நின்றார். அந்தக் கையை அவரே புதிதாகப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். அர்பாப் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. கையிலிருந்த தஸ்பீஹ் ஜெப மணியை இரண்டு உருட்டு உருட்டிவிட்டு, வேலுச்சாமியைப் பார்த்து, "யல்லா, போடு" என்றார்.

வேலுச்சாமி அடுக்கிலிருந்து முதுகு திரும்பிய டேப் ஒன்றை உருவினான். வண்ணப் பட்டை. எண்கள். கூரை. கீரி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. வாலிலிருந்து ஒரே ஓர் இறகு பிரிந்தது. ஆடி ஆடி, அவசரமே இல்லாமல், திரையின் இடது மூலைக்கு வந்து சேர்ந்தது. பழக்க தோஷத்தில் வேலுச்சாமி நிறுத்திவிட்டான்.

"மறுபடியும்" என்றார் நகதானி. மறுபடியும் போட்டான். மூன்றாவது தடவையும் போட்டான். அந்த மனிதர் கைக்குட்டையை எடுத்தபோது அது வியர்வைக்காக அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு அவர் சொன்னதைக் குமுதினி தமிழில் சொன்னாள். "இருபத்திரண்டு வயசிலை அந்த ஸ்டூடியோவிலை சேர்ந்தவராம். முதல் முதலா அவருக்குக் குடுத்த வேலை இந்தச் சேவல்தானாம். சும்மா சுத்தி நிக்கிறதை விட, ஒரு இறகு விழுந்தால் காத்து உண்மையா அடிக்கிற மாதிரி இருக்குமெண்டு அவர்தான் படத்திலை கீறினவராம். மூண்டு மாசம் ஓடிச்சுதாம். பிறகு பெரியவர் பாத்திட்டு, எங்கடை சேவல் இறகை உதிர்க்கிறது கம்பெனிக்குக் கூடாதெண்டு எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டாராம். மிச்சம் இருந்ததெல்லாம் அந்தக் கிடங்குத் தீயிலை போச்சுதாம். இந்த வரலாறு எழுதுற நேரம் இவர் சொல்லியிருக்கிறார், அப்பிடி ஒண்டு இருந்ததெண்டு. ஒருத்தரும் நம்பேல்லை. கனவு கண்டிருப்பாய் எண்டிட்டினமாம். அந்த மூண்டு மாசத்திலை குவைத்துக்கு ஒரு பெட்டி போனது இவருக்கு ஞாபகம். அதுக்காகத்தான் வேறை ஆளை அனுப்பாமல் தானே வந்திருக்கிறார்."

நகதானி எழுந்தார். வேலுச்சாமிக்கு எதிரில் வந்து நின்று, கைகளைத் தொடையோரம் வைத்து, இடுப்பு வரை குனிந்தார். நிமிரவே இல்லை. வேலுச்சாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனும் குனிந்தான். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் அப்படியே இருக்க, அர்பாப் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றைக்கே எல்லாம் தலைகீழானது. டிராயரிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் வந்தது, சேதுமாதவன் கையாலேயே வந்தது. "மன்னிச்சுக்கோடா" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. டிக்கெட்டை என்ன செய்வது என்று கேட்டபோது, இவன் எப்போது ஊருக்குப் போகணும் என்று அர்பாப் விசாரித்தார். தை மாதம், கல்யாணம் என்று குமுதினி சொன்னாள். அப்படியானால் தேதியை மாற்றிக் கொடு என்றார் அர்பாப். லேபர் கார்டில் ஹெல்ப்பர் என்று இருந்தது டேப் லைப்ரேரியன் ஆனது. சுவிட்ச் போர்டுகளுக்கெல்லாம் பூட்டுப் போட்ட பெட்டி வந்தது. சாவி வேலுச்சாமியிடம்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னீர்செல்வம் ருவைஸிலிருந்து பஸ் பிடித்து அல் கூஸ் கேம்புக்கு வந்தான். கல்யாணப் பேச்சு ஒரு சாக்கு. உண்மையில் ஆளை ஒருமுறை நோட்டம் விடத்தான் வந்திருந்தான். ரூமில் பன்னிரண்டு கட்டில், ஒரு டிவி, ஒரு டிவிடி பிளேயர். கட்டிலில் அன்று காலைதான் வந்த பார்சல் பிரித்துக் கிடந்தது. ஜப்பானிலிருந்து வந்தது. ஒரு டிஸ்க், கூடவே ஒரு சின்னப் புத்தகம்.

பன்னீர்செல்வம் புத்தகத்தைப் புரட்டினான். ஒரு பக்கத்தில் சேவல்கள் வரிசையாக நின்றன. ஏழு. நான்காவது சேவலின் வாலிலிருந்து ஓர் இறகு விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஜப்பான் எழுத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி. இதைக் காத்து எடுத்துக் கொடுத்தவர் வேலுச்சாமி, டேப் லைப்ரேரியன், துபாய். பன்னீர்செல்வம் அந்த வரியை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தான்.

"ஏனுங் மாப்ள, ஹெல்ப்பருன்னு தானுங்க எங்கூட்ல சொன்னாங்க?"

"அது அப்பங்க மச்சான்" என்றான் வேலுச்சாமி. இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல அவன் நாலு மாதமாகக் காத்திருந்தான் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் சொன்னான்.

ரூமில் இருந்தவர்கள் எல்லோரும் கட்டிலைவிட்டு இறங்கி டிவி முன்னால் கூடினார்கள். டிஸ்க் சுழன்றது. வண்ணப் பட்டை இல்லை, எண்களும் இல்லை. நேராகக் கூரை வந்தது. கீரி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இறகு பிரிந்தது. "விழுது பாருங்க, விழுது பாருங்க" என்று வேலுச்சாமி கத்தினான். இறகு மூலைக்கு வந்து சேர்ந்ததும் பன்னிரண்டு கட்டில்காரர்களும் விசிலடித்தார்கள். மேல்தளத்துக்காரர்கள் கிரிக்கெட்டில் என்ன ஸ்கோர் என்று கேட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சின்னம் மறைந்தது. எழுத்துகள் வரத் தொடங்கின. வேலுச்சாமியின் கட்டைவிரல் தானாக ரிமோட்டின் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு ரிமோட்டைக் கவிழ்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மச்சானுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எழுத்துகள் போயின. ஒரு மலைச்சரிவு வந்தது. அதில் ஒரு சிறுமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையோ கூப்பிட்டபடி கீழே ஓடி வந்தாள். அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று பார்க்க வேலுச்சாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.